ஜவ்வாது மலைக்கு ஒரே ஒரு தஃப்

வாணியம்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் ஜவ்வாது மலை தெரியும். தோல் காயப்போடுவது என் தொழில். அதனால் மழை வருமா என்று பார்க்க அந்தப் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். இத்தனை வருடமாக அந்த மலையைப் பார்த்து வானிலை சொல்லியிருக்கிறேன். அதன் மேலே ஆட்கள் கடை வைத்திருக்கிறார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. போன மாதம்தான் முதல் முறையாக ஏறினேன். ஏறியது ஊர் பார்க்க இல்லை. ஒரு வீட்டில் போய், "நாங்கள் வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வருவதற்கு.

நாங்கள் ஆறு பேர் தஃப் அடிக்கிறவர்கள். தஃப் என்றால் வட்டமான மரச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய வாத்தியம். இடது கையில் பிடித்து வலது கை விரல்களால் அடிப்போம். கல்யாணம், கத்னா என்கிற சுன்னத்து, தர்கா சந்தனக்கூடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் முன்னால் நின்று நபியைப் புகழ்ந்து பைத் பாடுவார். அவர் ஓர் அடி பாடி முடிக்கும் இடத்தில் எங்கள் கைகள் விழும். அவர் பாடும்போது நாங்கள் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டு காத்திருப்போம். அவர் கேள்வி என்றால் நாங்கள் பதில். நான் வரிசையில் கடைசி ஆள். வாய் திறந்து பாடியதே இல்லை.

மலை மேலே மளிகைக் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் தன் மகள் கல்யாணத்துக்கு எங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார். உஸ்தாத் சரி என்று வாங்கிக்கொண்டார். பிறகு அதே நாளில் ஆம்பூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. உஸ்தாத் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டார்.

"போன்ல சொல்றது மரியாதை இல்ல அமீரு. வெத்தலை வெச்சு கூப்ட்டவங்க. நேர்ல போய் வெத்தலையைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடு" என்றார் உஸ்தாத்.

"நானா?"

"நீ போனா நல்லா இருக்கும். லேட்டானாலும் பரவால்ல, நேரா ஆம்பூர் வந்துடு. உன் கை ஒண்ணு இல்லாட்டி தெரியாது."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். எனக்கு முடியாது என்று சொல்ல வராது. முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருவனைத்தான் முடியாது என்று சொல்லிவர அனுப்பினார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கிளம்பினேன். நேராக ஆம்பூர் போக வேண்டும் என்பதால் தஃபை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டேன். எல்லாக் குழப்பமும் அதில் தொடங்கியது.

மலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்தார். மடியில் புதுப் பிளாஸ்டிக் குடம். குடத்துக்குள் தக்காளி, சோப்பு, ஒரு டார்ச் லைட். பை இடித்ததும் தடவிப் பார்த்தார்.

"இன்னா பாய் இது, சல்லடையா?"

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. தஃப் என்று சொன்னால் எங்கே போகிறாய் என்று கேட்பார், எதற்கு என்று கேட்பார் என்ற பயம்தான்.

"எந்தக் கண்ணு? சாமைக்கு ஆவுமா?"

"தெரியலைங்க."

"வாங்கசொல்ல கேக்க மாட்டியா? உன்னை ஏமாத்தி உட்டுருப்பாங்க. குடு பாக்கலாம்."

"கட்டி வெச்சிருக்கேங்க."

"கொடுத்தா நான் இன்னா அதுல சலிச்சா பாக்கப் போறேன்?" என்று சொல்லி, பின் சீட்டுக்காரரிடம் திரும்பி, "பாய் சல்லடை வாங்கினு மலைக்கு வர்றாரு, கண்ணு தெரியாம" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வளைவில் பஸ் ஏறவில்லை. டிரைவர் முன்னும் பின்னும் முறுக்கிப் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க, பாரம் கொறையட்டும்" என்றார். நாங்கள் இறங்கி நடந்தோம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆள் ஆளுக்குக் கத்துவார்கள். இங்கே எல்லாரும் அதை எதிர்பார்த்தவர்கள் போல ஓரமாக நின்று பீடி பற்றவைத்தார்கள். ஒருவர் காட்டுக்குள் போய் நெல்லிக்காய் பறித்துக்கொண்டு வந்து எனக்கும் இரண்டு கொடுத்தார். கீழே பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே புகையாக இருந்தது. மேலே காற்று பச்சை இலையைக் கசக்கினதுபோல வாசம் அடித்தது. தோல் வாசத்திலேயே இருந்தவனுக்கு அதில் கொஞ்சம் தலை சுற்றியது.

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். இஸ்மாயில் பாய் வீடு மலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கத்தில் புளி மூட்டை அடுக்கும் குடோன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றியிருக்கும் மலைக்காரர்கள் சாமையும் புளியும் தேனும் இவர் கடையில்தான் போடுவார்கள். கல்யாண வேலையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நினைத்து வைத்திருந்தது இதுதான்: பேச வேண்டாம், வெற்றிலையைக் கையில் கொடுத்துவிடுவோம், அது பேசிவிடும். எங்களில் அழைப்பு வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால் வர மாட்டோம் என்று அர்த்தம். இஸ்மாயில் பாய் மூட்டை தூக்கியபடி வந்தார். ஸலாம் சொன்னேன். வெற்றிலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என் பையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"தஃப் பார்ட்டி வந்துட்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "மும்தாஜ், வெத்தலையோட வந்திருக்காரு பாரு! மரியாதை தெரிஞ்ச மனுசன்!"

அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்த வியாபாரி. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பந்தலில் இருந்தவர்களிடம் கொடுத்தார். அவர்கள் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். நான் சொல்ல வந்த சேதியை என் கண் முன்னாலேயே ஆளுக்குக் கொஞ்சமாக மென்றார்கள்.

சரி, வாயால் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் தண்ணீர் வந்தது. பிறகு டீ. பிறகு தட்டு நிறையச் சாமைச் சோறும் கறிக் குழம்பும். சாமை நாக்கில் ஒட்டாமல் உதிரியாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் தேன் வேறு. தின்றுகொண்டே முடியாது என்று எப்படிச் சொல்வது? தின்று முடித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். தின்று முடித்த பிறகு, தின்றுவிட்டு எப்படிச் சொல்வது என்று இருந்தது.

அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. இஸ்மாயில் பாயின் மனைவி மும்தாஜ். வாணியம்பாடிப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணே, நம்ம ஊர்ல யார் பார்ட்டி நீங்க?"

உஸ்தாத் பெயரைச் சொன்னேன்.

"அவரு எங்க அப்பா கூட அடிச்சவருண்ணே. எங்கப்பாதான் அப்ப முன்னால நின்னு பாடுவாரு. நான் கல்யாணம் ஆயி இங்க வந்தப்ப மலைக்கு யாரும் வரலை. என் பொண்ணு மாப்பிள்ளையைத் தஃப் அடிச்சுத்தான் பந்தலுக்குக் கூட்டினு வரணும்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். நகை கேக்கலை, புடவை கேக்கலை. இது ஒண்ணுதான் கேட்டேன்."

பந்தல் ஓரத்தில் ஆறு பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆறு புதுத் துண்டு. மலைப் பனியில் தோல் தொய்ந்துவிடும், அனலில் காட்டி இறுக்க வேண்டும் என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஓர் இரும்புச் சட்டியும் கரியும் தயாராக வைத்திருந்தார்.

"மத்தவங்க எப்பண்ணே வர்றாங்க?"

"வருவாங்க" என்றேன்.

ஒரு வார்த்தைதான். அது என் வாயிலிருந்து வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அந்த நேரம் பஸ்ஸில் வந்த அம்மாள் இடுப்பில் குடத்தோடு பந்தலுக்குள் வந்தார். பெயர் குப்பம்மாள், பக்கத்து வீடு. பையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த தஃபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பாய், இதுதான் உங்க ஊரு சல்லடையா? ஒரு கண்ணுகூட காணோமே! இதுல சலிச்சா உமி எங்க போவும், உங்க தலை மேலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் சொன்ன பொய் இப்படிச் சிரிப்பாகப் போய்விட்டது. பந்தலில் சொன்ன பொய் அப்படிப் போகவில்லை.

வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் எடுக்கவில்லை. பின்னால் ஒரு பாறை மேல் ஏறினால் எடுக்கும் என்றார்கள். ஏறி உஸ்தாத்தைக் கூப்பிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"ம்" என்றேன்.

"கோவிச்சுக்கினாங்களா?"

"இல்ல."

"நல்ல ஆளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பாறையிலிருந்து இறங்கும்போது, எதிர் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவது தெரிந்தது. நாளைக்குக் கொட்டு வருகிறதாம் என்று கேட்டு முன்கூட்டியே சொந்தக்காரர் வீட்டில் தங்க வருகிறவர்கள்.

மறுநாள் காலை பனி இறங்கி, பந்தல் காலில் கட்டிய வாழை மரமே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போளூரிலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. இஸ்மாயில் பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் வராது என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

"பாய், அவங்க வர மாட்டாங்க. ஆம்பூர்ல வேற கல்யாணம். அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்."

அவர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"நேத்து சொல்லியிருக்கலாமே பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா திருவண்ணாமலையில யாரையாவது புடிச்சு, மாப்பிள்ளை வேன்லயே ஏத்தினு வரச் சொல்லியிருப்பேனே."

அவ்வளவுதான். உள்ளே போனார். மலையில் கோழி கூவுவது, யாரோ விறகு பிளப்பது எல்லாம் கேட்டது. யாராவது வந்து என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரை அசைந்தது.

"அண்ணே" என்றார் மும்தாஜ். அழுத குரல் இல்லை. ஆனால் அழுது துடைத்த குரல். "நீங்க வந்திருக்கீங்க இல்ல? ஒரு தஃப் இருக்கு இல்ல? அது போதும். அடிங்க."

"எனக்குப் பாட வராதுங்க. நான் பின்னால அடிக்கிறவன்."

"தெரியும். அடிங்க."

கரியைப் பற்றவைத்துத் தோலை அனலில் காட்டினேன். பனியில் தொய்ந்து கிடந்த தோல் மெல்ல இறுகி, சுண்டினால் கணீர் என்றது. தஃபுக்கு வந்த தெம்பு எனக்கு வரவில்லை.

வேன் வந்தது. மாப்பிள்ளை பூச்சரம் முகத்தில் தொங்க இறங்கினார். ரோட்டிலிருந்து பந்தல் வரை இரண்டு பக்கமும் மலைக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே நான் ஒருவன் மட்டும் தஃபோடு நின்றேன்.

"மத்தவங்கள்லாம் பனியில கீறாங்களா?" என்றான் மாப்பிள்ளையோடு வந்த ஓர் இளைஞன். "இல்ல மச்சான், இது டிரெயிலர்" என்றான் இன்னொருவன்.

அடித்தேன். எனக்குத் தெரிந்தது பதில் மட்டும்தானே. விரல் நுனியால் தட்டிக்கொண்டு பாட்டு வர வேண்டிய இடத்தை விட்டேன். பிறகு பதிலை அடித்தேன். பிறகு மறுபடி காலி இடம். கேட்கிறவர்களுக்கு அது ஒருவன் அடிப்பதும் மறப்பதும்போல இருந்திருக்கும். வரிசையில் கடைசியில் உட்கார்ந்து அடிக்கும்போது அந்தக் காலி இடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்ததில்லை. அதற்குள் உஸ்தாத்தின் குரல் இருந்தது. இப்போது அதற்குள் இத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பந்தலுக்குப் பாதி தூரம் வந்திருப்போம். அந்தக் காலி இடத்தில் ஒரு குரல் வந்தது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது. மும்தாஜ் பாடினார். உஸ்தாத் பாடும் அதே பைத். ஆனால் இன்னும் நிதானமாக, ஓர் எழுத்தும் சிந்தாமல். அவர் அப்பா பாடியது அப்படித்தான் இருந்திருக்கும். அடி முடிந்த இடத்தில் என் கை தானாக விழுந்தது. சரியாக விழுந்தது. கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. தோளில் இருந்த குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது அடி பாடினார். அதற்கும் பதில் அடித்தேன். என் பதில் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாவது அடி தொடங்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வெள்ளைத் தாடி, குரல் வந்த பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்தவரிடம் உருதுவில், "பாடுவது யார், பெண்ணின் தாயாரா?" என்று கேட்டார்.

எங்கள் உஸ்தாத்தின் கட்டளை ஒன்று உண்டு. பெண் குரல் கலந்தால் கை நிற்க வேண்டும். அதை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் திரும்பியதும் எனக்கு உஸ்தாத்தே திரும்பியதுபோல இருந்தது. இத்தனை பேர் முன்னால் ஒரு பெண் பாட்டுக்கு நான் அடிக்கிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

என் கை நின்றுவிட்டது.

மும்தாஜ் குரல் தனியாகப் பாதி அடி வரை போனது. நான் இல்லை என்று தெரிந்ததும் அதுவும் நின்றது. வெறும் ரோட்டில் மாப்பிள்ளை நின்றார்.

"இன்னா நின்னுபோச்சு?" என்று குப்பம்மாள் கேட்டார். "நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் தஃபைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து மும்தாஜே பதில் சொன்னார்.

"தோல் நனைஞ்சுபோச்சு. பனி இல்ல? அண்ணன் இன்னா பண்ணுவாரு. சட்டியைக் கொண்டு போய்க் குடுங்க."

யாரோ அனல் சட்டியை என் முன்னால் வைத்தார்கள். தோல் நனையவில்லை. கல் மாதிரி இறுகி இருந்தது. இருந்தாலும் குனிந்து அதை அனலில் காட்டிக்கொண்டே இருந்தேன். என்னைச் சுற்றி நடந்து எல்லாரும் பந்தலுக்குப் போனார்கள். மாப்பிள்ளை கொட்டு இல்லாமல், பாட்டு இல்லாமல் போய் உட்கார்ந்தார். நிக்காஹ் முடிந்து பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. மென்றேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட நினைத்தேன். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வேனும் கிளம்ப வேண்டும். அப்போது மழை பிடித்தது. கீழே ஒரு வளைவில் மரம் விழுந்துவிட்டது, காலையில்தான் அறுத்து எடுப்பார்கள் என்று சேதி வந்தது. பஸ்ஸும் இல்லை. இரண்டு வீட்டாரும் அந்த ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் ஊரில் இப்படி ஆகியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்திருப்பார்கள். இங்கே பிரியாணி மீதியைச் சூடு பண்ணிக் கத்தரிக்காய்த் தொக்கோடு போட்டார்கள். மலைக்காரர்கள் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் வந்தன. போளூர் இளைஞர்கள் களியை வாழ்க்கையில் முதல் முறை பார்ப்பவர்கள்போலச் செல்போனில் படம் எடுத்தார்கள். "படம் புடிச்சா வயிறு ரொம்புமா மாப்ளே?" என்று குப்பம்மாள் அவர்கள் தட்டில் இன்னும் ஓர் உருண்டை போட்டார்.

நான் குடோனில் புளி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். புளி வாசத்தில் பல் கூசியது. அங்கேயும் ஒரு தட்டு வந்துவிட்டது. கறித் துண்டாகப் பொறுக்கிப் போட்டிருந்தார்கள்.

மழைக்கு ஒதுங்கி இஸ்மாயில் பாயும் அந்த வெள்ளைத் தாடிப் பெரியவரும் குடோன் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உருதுவில் பேசிக்கொண்டார்கள். மழையைப் பற்றி, புளி விளைச்சலைப் பற்றி. பிறகு பெரியவர் கேட்டார்.

"காலையில் உங்கள் வீட்டில் ஒரு குரல் பாடியதே. ஏன் நிறுத்திவிட்டார்கள்?"

"தஃப் நனைந்துவிட்டதாம்" என்றார் இஸ்மாயில் பாய்.

"அட, தஃப் இல்லாவிட்டால் என்ன. நான் யாரென்று கேட்டேன், முழுவதும் பாடச் சொல்லலாம் என்று. அந்த பைத்தை அப்படிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. தாயே பாடிப் பெண்ணைக் கொடுப்பது எங்கள் பையனுக்குப் பாக்கியம் இல்லையா?"

நான் தட்டை மூட்டை மேல் வைத்துவிட்டேன்.

அதுவரை எனக்கு ஒரு சாக்கு இருந்தது. பெரியவர்கள் முகம் கோணியது, சம்பந்தம் கெடக் கூடாது, அதற்காக நிறுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யார் முகமும் கோணவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரில் அந்தக் குரலுக்குக் கூசியவன் நான் ஒருவன்தான்.

எழுந்து போய் மும்தாஜ் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே பாடுங்கள், அடிக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதில் வரிசையாக அடுக்கினேன். வீட்டுக்குள் பெண்கள் மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் எப்படிப் போவது? மழை விடட்டும் என்று இருந்தேன். மழை விட்டது. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பளிச்சென்று விடிந்தது. பனி இல்லை. வீட்டு ஓரத்தில் நின்று பார்த்தால் போளூர் ரோடு வளைந்து வளைந்து இறங்குவது முழுவதும் தெரிந்தது. மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். வேனில் பாத்திரம், பீரோ, மெத்தை எல்லாம் ஏற்றினார்கள். பெண் வெளியே வந்தாள். ரேஷ்மா என்று பெயர். முக்காட்டுக்குள் குலுங்கி அழுதாள். குப்பம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "அழாதடி. போளூர்ல பஸ் ஸ்டாண்டு கிட்டயே வூடாம். சந்தைக்கு வந்தா உன் வூட்டுலதான் சோறு எனக்கு" என்று சொல்லித் தானும் அழுதார்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமிவிட்டு நின்றது. மழையில் நனைந்த பேட்டரி. இளைஞர்கள் இறங்கித் தள்ளினார்கள். கிளம்பவில்லை. மறுபடி பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு எதையோ கழற்றித் துடைத்தார்கள். பெண் உள்ளே உட்கார்ந்துவிட்டாள். தாய் ஜன்னலுக்கு வெளியே நின்றார். அழுது முடித்தாயிற்று, வண்டி போகவில்லை.

நான் பையிலிருந்து தஃபை எடுத்தேன்.

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். விரல் நுனியால் தட்ட ஆரம்பித்தேன். பதிலை ஒரு முறை அடித்தேன். பிறகு பாட்டுக்கு இடம் விட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினேன். இந்த முறை யார் திரும்பினாலும் நிறுத்துவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பெரியவர் திரும்பினார். நான் நிறுத்தவில்லை. குரல் வரவில்லை. மறுபடி பதில் அடித்தேன். மறுபடி இடம் விட்டேன்.

மும்தாஜ் ஜன்னலிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"இப்ப கேக்குறீங்களேண்ணே" என்றார். "நேத்து பாட வந்தேன். இன்னிக்கு என் பொண்ணு போவுது. அழுவுறதுக்கே தொண்டை பத்தலை எனக்கு."

"தப்பு என்னோடதுதான் தங்கச்சி" என்றேன். "தோல் நனையலை. நான்தான்..."

"தெரியும்ணே" என்றார். "காய்ஞ்ச தோல் சத்தம் எனக்குத் தெரியாதா?"

தஃபைக் கீழே இறக்கப் போனேன்.

"நிறுத்தாதீங்க" என்றார். "இன்னிக்காவது நிறுத்தாம அடிங்க. வண்டி கண்ணுக்கு மறையிற வரைக்கும்."

அந்த நேரம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேன் நகர்ந்தது. அவர் கை ஜன்னலிலிருந்து நழுவியது. இரண்டடி கூடவே ஓடி, சரிவின் ஓரத்தில் நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்று அடித்தேன். பதில், பிறகு இடம், பிறகு பதில். வேன் முதல் வளைவில் மறைந்தது. நான் கையைத் தளர்த்தினேன்.

"அதோ தெரியுது" என்றார் மும்தாஜ்.

மரங்களுக்குக் கீழே அடுத்த வளைவில் வேன் வெளியே வந்தது. அடித்தேன். மறைந்தது. இன்னும் கீழே, தீப்பெட்டி அளவில், மறுபடி வந்தது. விரல் நுனி எரிந்தது. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். குப்பம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒன்றும் கேலி பேசவில்லை.

கடைசியில் ரோடு அடிவாரத்து மரங்களுக்குள் போய்விட்டது. வெயில் ஏறி, கீழே எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் வண்டி எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னும் தெரியுதுண்ணே" என்றார்.

அடித்துக்கொண்டே இருந்தேன்.